பன்னிரண்டாவது துப்பாக்கி வாசல் தாண்டாது

எர்வின் வூத்ரிக் தன் வாழ்நாளில் இரண்டே முறை வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்தவர். முதல் தடவை இருபது வயதில், பட்டாளத்தில், நாட்டுக்காக. இரண்டாம் தடவை அறுபத்தாறு வயதில், ஊர் நடுவே உள்ள ‘கரடி’ விடுதியில், நாற்பதாவது கல்யாண நாள் விருந்தில், மனைவி மார்லீஸுக்காக. முதல் சத்தியத்தை நாடு இதுவரை சோதித்துப் பார்க்கவில்லை. இரண்டாவதை மார்லீஸ் சனிக்கிழமைதோறும் சோதித்துப் பார்த்தாள்.

சத்தியம் இதுதான்: “பன்னிரண்டாவது துப்பாக்கி நம்ம வீட்டு வாசலைத் தாண்டாது. தாண்டினா பதுங்கறை உனக்கு.”

எர்வின் முப்பத்து நாலு வருஷம் மலைப்பாதையில் மஞ்சள் தபால் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்றது பேருந்திலிருந்துதான், குரலிலிருந்து இல்லை. எதைச் சொன்னாலும் அடுத்த நிறுத்தத்தை அறிவிப்பது போலவே இருக்கும். அன்றைக்குச் சத்தியத்தைச் சொல்லி முடித்ததும் விருந்தாளிகளில் இரண்டு பேர் பழக்கதோஷத்தில் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்கள்.

பதுங்கறை என்பது, என்றைக்காவது குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள வீட்டுக்கு அடியில் கட்டிய கான்கிரீட் அறை. கதவு ஒரு சாண் கனம். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் உண்டு. குண்டு விழாததால் ஒருவர் அதில் உருளைக்கிழங்கு வைத்திருப்பார், ஒருவர் ஒயின் வைத்திருப்பார். எர்வின் வீட்டில் ஒரு மூலையில் உருளைக்கிழங்கும் ஜாம் ஜாடிகளும், மற்ற மூன்று மூலைகளில் எர்வினும் இருந்தார்கள்.

சுவரோரம் பதினோரு துப்பாக்கிகள். பதினொன்றும் ஒரே ரகம். தாத்தா காலத்தில் பட்டாளத்தில் கொடுத்த ‘முப்பத்தொன்று’. போல்ட்டை நேராகப் பின்னால் இழுத்து நேராக முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறிவிடும். பார்க்கிற யாருக்கும் ஒரே பழுப்புக் கம்பைப் பதினோரு தடவை சாத்தி வைத்த மாதிரி இருக்கும். அப்படிச் சொன்னவர்களை எர்வின் மறுபடி காப்பிக்கு அழைத்ததில்லை. ஒன்றில் வால்நட் கட்டை, இன்னொன்றில் பிற்காலத்து பீச் கட்டை. ஒன்றில் போல்ட்டின் வாலிலுள்ள வளையம் தடிமன், இன்னொன்றில் மெலிசு. ஒன்றில் பரிசோதகர் குத்திய குட்டிச் சிலுவை முத்திரை இடது பக்கம், இன்னொன்றில் சற்றுக் கீழே. சிப்பாய்கள் பூட்ஸில் ஒட்டிய பனிக்கட்டியைத் தட்டித் தட்டியே அடிப்பாகம் சிதைந்த கட்டை ஒன்று உண்டு. அதை அவர் வாரம் ஒரு முறை தடவிக் கொடுப்பார். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு ஸ்க்ரூவைக் கையில் கொடுத்தால் வருஷம் சொல்வார். கண்ணைத் திறந்துவிட்டு, வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டால் சொல்ல மாட்டார்.

பதுங்கறைக்கு நேர் மேலே சமையலறை. வெள்ளிக்கிழமைகளில் மார்லீஸ் ஆப்பிள் வேஹே சுடுவாள். கீழே எர்வின் எண்ணெய்த் துணியோடு உட்கார்ந்திருக்க, மேலே கடகடவென்று ஏதோ உருளும். உருளல் நின்று முக்கால் மணியில், மெல்லிய மாவின்மேல் ஆப்பிள் துண்டுகள் வரிசை கட்டிய தட்டு மேசைக்கு வரும். அவருக்கு அந்த அளவு தெரிந்தால் போதும்.

மார்லீஸுக்குப் பதுங்கறை எதற்கு என்றால், தறிக்கு. போன குளிர்காலத்தில் ஊர்ப் பெண்கள் சங்கத்தில் நெசவு கற்றுக்கொண்டாள். பழைய பள்ளிக்கூடத்துப் பரணில் ஒரு கைத்தறி கிடந்தது, நிறுத்தி வைத்தால் ஒரு கட்டில் அகலம். பரணைக் காலி செய்யப்போகிறார்கள், தூக்கிப் போகிறவர்களுக்குச் சும்மாவே தருகிறார்கள் என்று அவள் சொன்னபோது எர்வின் தலையை ஆட்டினார், பக்கவாட்டில்.

“பதுங்கறைக்குள்ள தறி வராது. ஈரம் ஆகாது.”

“உன் துப்பாக்கிக்கு மட்டும் ஆகுமா?”

“அதுக்கு நான் எண்ணெய் போடறேன்.”

“தறிக்கு நான் போடறேன்.”

எர்வின் தொண்டையைச் செருமினார், தபால் பேருந்தின் மூன்று சுர ஹாரன் மாதிரி. வளைவு வந்தால் அடிப்பார்கள் அதை. மார்லீஸ் ஒதுங்கி வழிவிட்டாள். அவள் ஒதுங்கிய விதத்தை எர்வின் கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்கலாம்.

இந்த நேரத்தில்தான் ஆல்பின் போன் செய்தான். ஆல்பின் துப்பாக்கிச் சேகரிப்பாளர் சங்கத்தின் தலைவன். மாட்டுச் சந்தையில் ஏலம் கூவி வளர்ந்த தொண்டை. ரகசியம் பேசினால் பக்கத்து மலையில் மாடு நிமிர்ந்து பார்க்கும். அடுத்த பள்ளத்தாக்கில் ஒரு வீட்டில் ‘முப்பத்தொன்று’ ஒன்று கிடைத்திருக்கிறது, ஆரம்ப வருஷத்தது, எல்லாப் பாகத்திலும் ஒரே எண், கடைசி மூன்று இலக்கம் 087, ஒரு ஸ்க்ரூகூட மாறவில்லை, அடித்தகட்டை இன்னும் யாருமே கழற்றவில்லை என்று அவன் போனில் கூவக் கூவ, எர்வின் ரிசீவரைத் தலையணையால் மூடினார்.

அடித்தகடு கழற்றாதது என்றால் சும்மா இல்லை. கட்டையின் அடியில், தோளில் பதிகிற இடத்தில், இரண்டு ஸ்க்ரூ போட்ட இரும்புத் தகடு ஒன்று உண்டு. அந்தக் காலத்துச் சிப்பாய் தன் பெயர், நிலை, படைப்பிரிவு, முகவரி எல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அந்தத் தகட்டுக்குக் கீழே ஒளித்து வைப்பான். கழற்றாத தகடு என்றால் பிரிக்காத கடிதம். சங்கத்தில் அதற்கு ஒரு முறையே இருக்கிறது: சனிக்கிழமை மத்தியானம், துப்பாக்கி சுடும் மன்றத்தில், எல்லோர் முன்னாலும்தான் கழற்ற வேண்டும். அதுவரை சொந்தக்காரர்கூடத் தொடக்கூடாது.

எர்வின் மறுநாளே வாங்கிவிட்டார். காகிதமெல்லாம் சட்டப்படி. துப்பாக்கி ஆல்பின் வீட்டுக் கொட்டகையில், வைக்கோலுக்குப் பக்கத்தில். இனி வாசல்தான் பாக்கி.

“சத்தியம் என்ன ஆச்சு?” என்றான் ஆல்பின்.

“சத்தியத்துல என்ன சொன்னேன்? துப்பாக்கின்னு சொன்னேன். குழல் மட்டும் தனியா இருந்தா அது துப்பாக்கியா?”

“இல்ல.”

“கட்டை மட்டும்?”

“விறகு.”

“அப்ப வாசலைத் தாண்டப்போறது எது?”

ஆல்பின் யோசித்தான். “பாகம்.”

“சத்தியத்துல பாகம்னு ஒரு வார்த்தை உண்டா?”

ஆல்பின் தொப்பியைக் கழற்றினான். இருபது வருஷ நட்பில் முதல் தடவையாக.

திட்டம் எளிது. புதியதில் ஒரு பாகம் உள்ளே போகும். ஏழாம் நம்பர் துப்பாக்கியில் அதே பாகம் வெளியே வரும். ஏழாம் நம்பர் சாதாரண பீச் கட்டை, யாருக்கும் அதன்மேல் பெரிய பாசம் இல்லை. மூன்று வாரத்தில் அது ஆல்பின் கொட்டகையில் இருக்கும், 087 அதன் இடத்தில் நிற்கும். சனிக்கிழமை மார்லீஸ் தூசி துடைத்துக்கொண்டே எண்ணுவாள்: பதினொன்று. அவளுக்கு எல்லாம் பழுப்புக் கம்புதானே.

செவ்வாய்க்கிழமை போல்ட் வந்தது, எர்வினின் கால்சட்டைக்குள். மனிதர் ஒரு காலை மடக்காமலேயே மலையிறங்கி வந்தார். வாசலில் மார்லீஸ் நின்றுகொண்டிருந்தாள், கையில் ஒரு நீளப் பலகையோடு.

“கீழதானே போற, எர்வின்? இதை உருளைக்கிழங்குக்குப் பின்னால சாத்தி வச்சுடு.”

கால்சட்டைக்குள் போல்ட் வைத்திருப்பவன் கேள்வி கேட்க மாட்டான். பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து இறங்கினார்.

வியாழன் தோட்டாப்பெட்டி வந்தது, முள்ளங்கிக் கட்டுக்கு நடுவில். அன்றைக்கு மார்லீஸ் கையில் இரண்டு மரக்கட்டைகள் இருந்தன. ஜாம் ஜாடிக்கு அடியில் வைக்கவாம். திங்கள்கிழமை வால்நட் கட்டை, ரொட்டிப் பையில், மேலே ஒரு நிஜ ரொட்டியோடு. அன்றைக்கு நாலு சட்டங்கள். ஆப்பிள் அடுக்குவதற்காம். குழலைக் குடையுறைக்குள் போட்டுக் கொண்டுவந்த நாளில் ஒரு பெரிய உருளையும் பல்லு பல்லாக வெட்டிய ஒரு சக்கரமும். “இது எதுக்கு?” என்று வாய் வரைக்கும் வந்தது. மார்லீஸ் குடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வியை முழுங்கிவிட்டு உருளையைத் தூக்கினார். அதற்கப்புறம் எவ்வளவு சின்னப் பாகத்தோடு வந்தாலும் கீழே இறக்க ஒரு கட்டு மரச்சாமான் வாசலில் காத்திருந்தது.

நடுவில் ஒரு வாரம் எர்வினுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தால் இல்லை. ஏழாம் நம்பரில் பாதிப் பாகம் ஒரு எண், பாதிப் பாகம் வேறு எண். கலப்பு எண். சேகரிப்பாளனுக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. அந்தத் துப்பாக்கியின் முகத்தில் அவரால் விழிக்க முடியவில்லை. அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார்.

சனிக்கிழமை மார்லீஸ் துணியை எடுத்துவிட்டுத் தூசி துடைத்தாள்.

“பதினொண்ணு.”

“பதினொண்ணேதான்.”

“ஏழாவது மட்டும் வெயில்ல கறுத்த மாதிரி இருக்கே.”

“எண்ணெய் போட்டேன்.”

“அதானே. பதுங்கறைல வெயில் ஏதுன்னு நானும் யோசிச்சேன்.”

அவள் படியேறி மேலே போனதும் எர்வின் சுவரில் சாய்ந்து சிரித்தார். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க. எதிரியை இவ்வளவு சுலபமாக ஏமாற்றுவது கொஞ்சம் அசிங்கமாகக்கூட இருந்தது அவருக்கு.

மூன்றாவது வாரக் கடைசியில் வேலை முடிந்தது. கடைசிப் பாகமாக ஒரு ஸ்க்ரூ, இருமல் மிட்டாய் டப்பாவில். தலையிலிருந்து கால் வரை 087. அடித்தகட்டை அவர் விரலால்கூடத் தொடவில்லை. சனிக்கிழமை காலை மார்லீஸ் தூசி துடைத்தாள், பதினொன்று என்றாள். அன்றைக்குத் துடைக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டாள். மத்தியானம் எர்வின் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, சுடும் மன்றத்துக்கு ஏழாம் நம்பரை எடுத்துப் போவதாகச் சொன்னார். அவர் அடிக்கடி போகிறவர்தான். போயிட்டு வா என்றாள் மார்லீஸ். தெருமுனையில் பெண்கள் சங்கத்தார் நாலு பேர் எதிரே வந்தார்கள். ஒருத்தி கையில் சுத்தியல். எர்வின் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்.

மன்றத்தில் பதினாலு பேர் மேசையைச் சுற்றி நின்றார்கள். ஆல்பின் பூதக்கண்ணாடியை ஒரு கண்ணில் செருகிக்கொண்டு ஏலக் குரலில் ஆரம்பித்தான். வால்நட் கட்டை. ஆரம்ப வருஷத்து வளையம். சிலுவை முத்திரை இடம் சரி. போல்ட்டில் 087, தோட்டாப்பெட்டியில் 087, கட்டையில் 087. யாரோ ஒருவர் மெல்ல மேசையைத் தட்டினார். அந்த மன்றத்தில் அது மாலை போடுகிற மாதிரி. எர்வினுக்குக் காது மடல் சிவந்தது.

அடித்தகட்டுக்கு வந்ததும் ஆல்பின் நிறுத்தினான்.

“ஸ்க்ரூத் தலையில புதுக் கீறல் இருக்கு.”

“பழைய கீறலா இருக்கும்.”

“மூணு மில்லி திருப்புளி. பட்டாளத் திருப்புளி இதைவிட ரெண்டு மடங்கு அகலம். இது தையல் மெஷின் திருப்புளி.”

“சிப்பாயோட பொண்டாட்டி எப்பவாவது திறந்து பார்த்திருப்பா,” என்றார் எர்வின், தாராளமாக.

“ஏதோ ஒரு பொண்டாட்டிதான்,” என்று சொல்லிக்கொண்டே ஆல்பின் கழற்றினான்.

உள்ளே இரண்டு சீட்டுகள் இருந்தன. ஒன்று மஞ்சள் பூத்த பழையது. அதன்மேல் இன்னொன்று, சமையலறையில் சாமான் பட்டியல் எழுதுகிற கட்டம் போட்ட தாள். ஆல்பின் அதை விரித்தான். அந்தத் தொண்டைக்கு மெதுவாகப் படிக்கத் தெரியாது.

“நிலை: மனைவி. படைப்பிரிவு: சமையலறை. பெயர்: மார்லீஸ் வூத்ரிக். முகவரி: உனக்கே தெரியும்.”

ஆல்பின் மூச்சு வாங்கிக்கொண்டு எர்வினைப் பார்த்தான். எர்வின் கூரையைப் பார்த்தார். ஆல்பின் தொடர்ந்தான்.

“எர்வின், மொத செவ்வாய் போல்ட் வந்துது. பழசுல கடைசி நம்பர் 412, புதுசுல 087. வியாழன் தோட்டாப்பெட்டி. திங்கள் பீச் கட்டை போய் வால்நட் கட்டை வந்துது. வளையமும் வேற, மெலிசு. முத்திரை சித்த கீழ. வாரா வாரம் துடைக்கறவளுக்குத் தெரியாதா? குழலைக் குடையுறைல போட்டுக் கொண்டு வந்தியே, அன்னைக்கு மழை. குடை கையில இருக்க, நீ சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்த. போகட்டும், பாகம் துப்பாக்கி ஆகாதுன்னு நானும் ஒத்துக்கறேன். அதே மாதிரி பலகையும் தறி ஆகாது. வரும்போது வெண்ணெய் வாங்கிட்டு வா, நாலு பேர் கூட சாப்பிடறாங்க. சிப்பாயோட சீட்டைப் பத்திரமா கீழயே வச்சிருக்கேன்.”

பதினாலு பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர்கள் பட்ட பாட்டில் மேசை நடுங்கியது.

எர்வின் தகட்டைத் திருகி, துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு விரைந்தார். ஆல்பின் பின்னாலேயே வந்தான், ஆறுதலுக்காக என்று சொல்லிக்கொண்டு. வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. பதுங்கறைக் கதவும் விரியத் திறந்திருந்தது. எர்வின் இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினார்.

அறை நடுவில் தறி நின்றது. உருளைக்கிழங்குக்குப் பின்னால் சாத்திய பலகை அதில் இருந்தது. ஜாம் ஜாடிக்கு அடியில் வைத்த கட்டைகள் அதில் இருந்தன. ஆப்பிள் சட்டம், பெரிய உருளை, பல் சக்கரம், எல்லாம் இருந்தது. பத்துத் துப்பாக்கிகள் பின்சுவரில் ஒழுங்காக நின்றன. அவற்றைத் தொட வேண்டுமானால் தறிக்கு அடியில் தவழ்ந்துதான் போக வேண்டும். மார்லீஸ் தறிப் பலகையில் உட்கார்ந்து காலால் மிதியை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தறி வராதுன்னு சொன்னேனே,” என்றார் எர்வின்.

“வரலையே. முப்பத்தெட்டு பாகம்தான் வந்துது. முப்பத்தெட்டும் உன் தோள்ல.”

“பாகத்தைச் சேர்த்தா…” என்று ஆரம்பித்தவர், அந்த வாக்கியம் எந்தப் பக்கம் போய் நிற்கும் என்று தெரிந்ததும் பிரேக் போட்டார்.

“அது கிடக்கட்டும். இப்ப உன் தோள்ல என்ன?”

எர்வின் தோளைத் திரும்பிப் பார்த்தார்.

“அது பாகமா, முழுசா?”

087 தோளில் முழுசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. போகும்போது அது ஏழாம் நம்பர் என்ற பேரில் போனது. வரும்போது அது பன்னிரண்டாவது. வாசல் வழியாக, வெட்ட வெளிச்சத்தில், வந்துவிட்டது.

“நானும் பார்த்தேன்,” என்றான் ஆல்பின், கேட்காமலேயே. எர்வின் அவனைப் பார்த்த பார்வையில் மாடாக இருந்தால் பால் வற்றியிருக்கும்.

“பதுங்கறை என்னுது,” என்றாள் மார்லீஸ். பிறகு அவர் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, ஏப்ரன் பைக்குள் கையை விட்டு ஒரு மர உருளையை எடுத்து நீட்டினாள். “சரி, உனக்கும் ஒரு வாய்ப்பு தரேன். பாகத்தைப் பார்த்தே சொல்றவன் நீ. இது என்னன்னு சரியாச் சொல்லு. சொன்னா திங்கக்கிழமை தறி திரும்பப் போயிடும், பதுங்கறை உனக்கே. ஆல்பின் சாட்சி.”

எர்வினின் முதுகு நிமிர்ந்தது. இது அவர் ஊர், அவர் தெரு, அவர் நிறுத்தம். ஆல்பினிடமிருந்து பூதக்கண்ணாடியைப் பிடுங்கிக் கண்ணில் செருகினார். உருளையை விளக்குக்கு நேராகத் திருப்பினார். முழங்கை நீளம், மழுமழுவென்று தேய்ந்தது. நடுவில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துளை.

“மேப்பிள் மரம்,” என்றார். “கடைசல் வேலை. துளை சுத்தமா நேராப் போகுது, நல்ல கைவேலை.”

“வரிப்பள்ளம் இல்ல,” என்றான் ஆல்பின், துப்பாக்கிக் குழலுக்குள் சுழலும் கோடுகளைத் தேடுகிற பழக்கத்தில்.

“மரத்தோட கண்ணுல வெள்ளைத் தூள் படிஞ்சிருக்கு. கிடங்குல பூச்சி அரிக்காம இருக்கச் சுண்ணாம்பு போட்டிருக்காங்க.” ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். “பழைய சுண்ணாம்பு. காரமே இல்ல. தேய்மானம் நடுவுல ஜாஸ்தி, ஓரத்துல கம்மி. அப்ப நடுவுலதான் பாரம் விழுந்திருக்கு. வருஷக்கணக்கா, ஒரே ஆள் கை.”

“ஒரே ஆள் கைதான்,” என்றாள் மார்லீஸ்.

எர்வின் பூதக்கண்ணாடியை இறக்கினார். தொண்டையை மூன்று சுரத்தில் செருமினார்.

“தறியில பாவு நூல் சுத்தற உருளை. மொத வரிசைத் தயாரிப்பு. தொண்ணூறு வருஷத்துக்குக் குறையாது.”

“நூறு,” என்றான் ஆல்பின்.

“தொண்ணூறு.”

மார்லீஸ் இருவரும் முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு ஏப்ரன் பையிலிருந்து ஒரு கம்பியையும் சிவப்புச் சாயம் பூசிய இரண்டு கைப்பிடிகளையும் எடுத்தாள். கம்பியைத் துளைக்குள் செருகி, இரண்டு பக்கமும் கைப்பிடியை வைத்து, தையல் மெஷின் திருப்புளியால் திருகினாள்.

“மாவு தேய்க்கற கட்டை, எர்வின். நாப்பத்தோரு வருஷமா வெள்ளிக்கிழமை தவறாம உன் தலைக்கு மேலதான் உருண்டுட்டு இருக்கு.”